குப்புசாமி ஒரு வில்லனைப் பதப்படுத்தினார்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. பெரிய சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொள்கிற ரகம். ஆனால் அதை இப்போதே கேட்கக் கூடாது. பந்தியில் உட்கார்ந்ததுமே பாயசம் கேட்டால் பரிமாறுகிறவர் முறைப்பாரா இல்லையா? அதேதான். முதலில் உப்பு வரட்டும். ஊறுகாய் வரட்டும். குப்புசாமி வரட்டும்.

குப்புசாமி வந்துவிட்டார். மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருப்பவர். தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். அந்த இரைச்சலில் பேசிப் பேசி அவர் குரல் ஒரே இடத்தில் இறுகிவிட்டது: உச்சத்தில். சாப்பாட்டுக்கு உட்கார்ந்து "உப்பு" என்பார். அடுப்படியிலிருந்து மனைவி வடிவு எழுந்து வருவதற்குள் பக்கத்துப் போர்ஷன் கௌரம்மா கிண்ணத்தில் உப்போடு வாசலில் நிற்பாள்.

வடிவு நேர் எதிர். ஹனூர்ப் பக்கத்துக்காரி. குரலை உயர்த்தினதே கிடையாது. எதுவானாலும் "ஏனுங்க" என்று ஒரு பூவை வைப்பது மாதிரிதான் ஆரம்பிப்பாள். பூ வைத்த இடத்தில் பிறகு ஒரு மலை வந்து உட்காரும்.

விஷயம் ஒரு காலண்டரில் ஆரம்பித்தது. வெளிநாட்டு மெஷின் கம்பெனி அனுப்பி, தொழிற்சாலைச் சுவரில் தொங்கிய காலண்டர். பிப்ரவரி மாதத்துக்கு ஒரு வெள்ளைக்காரன். இரண்டு மரம், நடுவில் ஒரு வலை ஊஞ்சல், அதில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அவன் கிடக்கிறான். ஊஞ்சலுக்கு நேர் கீழே தரையில் ஒரு விரிப்பு. விரிப்பின் மேல் அவன் செருப்பு, ஒரு பிளாஸ்க். வேலை என்று ஒன்று உலகத்தில் இருப்பதற்கான அடையாளமே படத்தில் இல்லை.

குப்புசாமி அதை மாதம் பூராவும் பார்த்தார். ஒருநாள் வீட்டுக்கு வந்து, மார்க்கெட் வரைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்.

"வர்ற யுகாதி லீவுல நானும் கேம்ப் போறேன். ரெண்டு மரத்துக்கு நடுவுல ஊஞ்சலைக் கட்டிட்டு ஒரு நாள் பூரா கிடக்கப்போறேன். ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டேன்."

துரும்பைக் கிள்ளிப் போடாமல் இருப்பது அவருக்குப் புதிது இல்லை. அதற்கு மரமும் ஊஞ்சலும் வேண்டியதில்லை. ஆனால் வடிவு அதைச் சொல்லவில்லை.

ஊஞ்சல் ஏற்கெனவே கையில் இருந்தது. தசரா பொருட்காட்சியில் வாங்கிய பச்சை நைலான் வலை. விற்றவன் மூக்கால் பாடினான்: "தூங்குங்க ஸார்ர்ர், ஆடுங்க ஸார்ர்ர், மடிச்சு ஜோப்புல போடுங்க ஸார்ர்ர்." வீட்டுக்கு வந்து ஜன்னல் கம்பிக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் நடுவில் கட்டி, குப்புசாமி ஏறிப் படுத்தார். ஜன்னல் கம்பி ஒரு தடவை பெருமூச்சு விட்டது. குப்புசாமி இறங்கிவிட்டார். அப்போதுதான் வடிவு கேட்டாள், நானும் சித்த நேரம் படுத்துப் பாக்கட்டுங்களா என்று.

குப்புசாமி அவளை உச்சந்தலையிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு முறை அளந்தார்.

"இதுக்கு வெயிட்டு லிமிட்டு இருக்குது புள்ள."

வடிவு ஒன்றும் பேசவில்லை. ஊஞ்சலைச் சுருட்டி பீரோ மேல் வைத்தாள். வடிவு திட்டினால் அன்றோடு தீர்ந்தது. பேசாமல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ ஒரு குக்கர் அடுப்பில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விசில் எப்போது வரும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தசராவில் ஏறிய குக்கர். ஞாபகம் இருக்கட்டும். சிரிப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஊஞ்சல் இருக்கிறது, லீவு இருக்கிறது. படத்தில் இருக்கிற கீழ் விரிப்பு மட்டும் இல்லை. படத்தில் இருந்தால் அது இருந்தே ஆக வேண்டும். குப்புசாமி லேத்காரர், வரைபடத்தில் உள்ளதை விட்டுவிட்டு ஒரு திருகுகூடச் செய்ய மாட்டார். மலிவாக ஒரு விரிப்புத் தேடி மார்க்கெட் பக்கம் கிளம்பினார்.

முதல் கடையில் லாரித் தார்ப்பாய். கடைக்காரர் விலையை ரகசியம் மாதிரி காதோரம் சொன்னார். குப்புசாமி அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னதில் கடையிலிருந்த மற்ற கிராக்கிகளும் அவரோடு சேர்ந்து வெளியேறிவிட்டார்கள். இரண்டாவது கடையில் பாலிதீன் ஷீட். நகத்தால் தொட்டுப் பார்த்தார். நகம் அந்தப் பக்கம் வந்தது. மூன்றாவதில் உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த படுதா. மோந்து பார்த்தார். "இதுமேல செருப்பை வெச்சா செருப்பு முளைச்சிரும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கடைசியாகச் சந்துக்குள் சித்தையன் கடை. பழைய சினிமா பேனர் வியாபாரம். தியேட்டரில் படம் மாறியதும் இறக்குகிற, கையால் வரைந்த துணி பேனர்கள். ஆயில் பெயின்ட் மேல் பெயின்ட் ஏறி, ஒரு சொட்டு மழை இறங்காது. மார்க்கெட்காரர்கள் வாங்கிக் கூரையாகக் கட்டிக்கொள்வார்கள். சித்தையன், மைசூர் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் கூவுகிறவர் மாதிரி ஒரே மூச்சில் பேசுவார். தரைக்கு விரிக்க வேண்டும் என்று கேட்டதும் ஒவ்வொரு சுருளாக, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் "பேடா, பேடா" என்று சொல்லிக் காலால் தள்ளினார்.

"ஹீரோ பேடா சாமி. அவரைத் தரையில போட்டு செருப்பு வெச்சீங்கன்னா ரசிகருங்க உங்களைத் தரையில போடுவாங்க. ஹீரோயின் பேடா, வீட்டம்மாவுக்கு யாரு பதில் சொல்றது. சாமி படம் பேடவே பேடா. வில்லன் எடுத்துக்குங்க. வில்லன்தான் சீப்பு. அவனை யாரும் தேட மாட்டாங்க."

இப்படியாக ஒரு வில்லன் குப்புசாமியின் தோளில் ஏறி வீட்டுக்கு வந்தான். முழு வில்லன் இல்லை, வெட்டிய துண்டுதான்: ஒரு கண், முக்கால் மீசை, ஒரு தங்கப்பல். கண் மட்டும் தாம்பாளம் அளவு.

பிரச்சினை என்னவென்றால் வில்லன் மடங்கவில்லை. பெயின்ட் ஏறிய துணி தகரம் மாதிரி நின்றது. மூலையில் சாத்தினால் சாயாமல் தானாக நின்றது. குப்புசாமி ஒரு முனையை முழங்காலால் அழுத்தி மறுமுனையை மடித்தார். பிடி நழுவியது. வில்லன் அவர் கன்னத்தில் பளீரென்று ஒன்று வைத்தான்.

வடிவு அதைச் சுற்றி வந்து பார்த்தாள். விரல் கணுவால் தட்டினாள். டொக்.

"ஏனுங்க, இத்தனை விறைப்பா இருந்தா முதுகு என்னத்துக்கு ஆகுமுங்க?"

இங்கே சற்று நில்லுங்கள். இந்த வாக்கியத்தை முந்தானையில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குப்புசாமி போடவில்லை. தன் முதுகின்மேல் மனைவிக்கு இத்தனை கரிசனமா என்று அவருக்கு மனசு குளிர்ந்தது. குளிர்ந்த மனசோடும் சத்தமாகத்தான் கேட்டார், அப்ப என்ன பண்ணலாம் என்று.

பதப்படுத்த வேண்டும் என்றாள். துணிதானே, தண்ணீரில் ஊறப்போட்டு மிதித்தால் இளகும். குப்புசாமி உடனே வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சும்மா மிதிச்சா பெயின்ட்டு வெடிச்சு உதுந்துருமுங்க. கம்பளியோட சேத்து மிதிக்கோணும். நடுவுல கம்பளி இருந்தாத்தான் அடி மெத்துமெத்துனு உழும்."

லேத்காரருக்கு இது நியாயமாகப் பட்டது. இரும்புக்கு எண்ணெய் எப்படியோ பேனருக்குக் கம்பளி அப்படி. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பெரிய தொட்டி நிறைய பூந்திக்கொட்டைத் தண்ணீர். அதில் வில்லன். வில்லனோடு, குளிர்காலம் பூராவும் போர்த்தி அழுக்கேறிய வீட்டுக் கம்பளிகள் அத்தனையும். வருஷா வருஷம் வடிவு தனியாக மிதித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிற அதே கம்பளிகள். அப்போதெல்லாம் குப்புசாமி கீழே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இப்போது அவர் தொட்டிக்குள் நின்று குதித்தார். பாட்டு வேறு. கௌரம்மா எட்டிப் பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்தாள். அவள் பேச்சில் கன்னடம் பாதி, தமிழ் பாதி, வியப்பு முழுசு.

"ஏன்ரீ வடிவு, நிம்ம யஜமானரு கம்பளி தொவைக்கறாரு?"

"கம்பளி இல்லீங்கக்கா. விரிப்பைப் பதப்படுத்தறாரு. கம்பளி சும்மா கூட இருக்குது."

பிழிந்து, கொடியில் போட்டு, கம்பளிகள் பூவாகக் காய்ந்தன. வில்லனை மாடித் தரையில் முகம் மேலே பார்க்க விரித்தார்கள். மத்தியானம் மிளகாய் காயப்போட வந்த கௌரம்மா, தாம்பாளக் கண் ஒன்று தன்னையே முறைப்பதைப் பார்த்து முறத்தோடு மிளகாயை வானத்துக்கு எறிந்தாள். அது வேறு கதை. மிளகாயைப் பொறுக்கினதும் குப்புசாமிதான்.

அடுத்தது இடம். மைசூரில் இரண்டு மரத்துக்கு நடுவே சும்மா படுத்திருந்தால் போலீஸ்காரர் வந்து பெயர் கேட்பார். வடிவின் அண்ணன் தொட்டையனுக்கு ஹனூர்ப் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வடிவே போன் பேசினாள். குப்புசாமி வெளியே நின்றார். கண்ணாடிக்குள் வடிவு பேசுவதும், பிறகு சிரிப்பதும், பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பதும், பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்வதும் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அண்ணன் தங்கை பாசம் என்று குப்புசாமி நெகிழ்ந்தார். வெளியே வந்ததும் அவள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

"அண்ணன் ரெண்டு பேரும் சேந்துதான் வரோணும்னு சொல்லுதுங்க. நீங்க மட்டும் தனியா வந்தா நாயை அவுத்து உட்ருமாம்."

அதனால் என்ன, அவளும் வரட்டும், யாராவது சமைக்க வேண்டும் அல்லவா என்று குப்புசாமி பெரிய மனசு பண்ணினார்.

அடுத்த ஞாயிறு வடிவு மறுபடி விரிப்பைத் தட்டினாள். காய்ந்ததில் திரும்ப விறைத்திருக்கிறதே என்றாள். குப்புசாமிக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் மனைவி கவலைப்படுகிறாள். புளி அடித்தால் இளகும், புளிப்பு இறங்கினால் பெயின்ட்டின் வீம்பு அடங்கும் என்று அவள் சொன்னாள். ஊரிலிருந்து அண்ணன் அனுப்பிய, வருஷம் முழுசுக்குமான புளி மூட்டையாக மூலையில் இருந்தது. என்ன பொருத்தம்.

வில்லனைக் குப்புறப் போட்டு, பெயின்ட் படாத அவன் முதுகுப் பக்கம் புளியைக் கொட்டி, குப்புசாமி மரச்சுத்தியால் அடித்தார். அடித்து, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, நார் உருவி, உருண்டை பிடித்து, ஜாடியில் அடைத்தார். விரிப்புக்குப் புளி போதாது என்று அவருக்கே சந்தேகம் வந்து கௌரம்மா வீட்டுப் புளியையும் கேட்டு வாங்கி அடித்துக் கொடுத்தார். தொழிற்சாலையில் போய், மெஷின்கள் நின்ற சாப்பாட்டு நேரத்திலும் உச்சக் குரலில், ஆயில் பெயின்ட்டைப் புளி எப்படி வசப்படுத்துகிறது என்று விளக்கினார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். காது அடைத்துப்போனால் தலையாட்டத்தானே முடியும்.

புளி அடித்து முடிந்ததும் விரிப்பில் ஈஷிக்கொண்டிருந்த மிச்சப் புளியை வடிவு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதை வீணாக்கலாமுங்களா? பரண் மேல பித்தளை இருக்குது."

குப்புசாமி முதல் தடவையாகக் கொஞ்சம் யோசித்தார். "பாத்திரம் தேய்க்கறதுக்கும் விரிப்புக்கும் என்ன புள்ள சம்பந்தம்?"

"நீங்க பாத்திரத்தை எங்கீங்க தேய்க்கறீங்க? விரிப்பைத் தேய்க்கறீங்க. நடுவுல பாத்திரம் இருக்குது. அவ்வளவுதான்."

அது சரி என்று அவருக்குப் பட்டுவிட்டது. அண்டா, குத்துவிளக்கு, கல்யாணச் சீராக வந்து அன்றிலிருந்து இறங்காத தவலை எல்லாம் பரணிலிருந்து இறங்கின. விரிப்பின்மேல் உருண்டு உருண்டு தேய்ந்தன. பளபளத்தன. பரண் காலியாகிவிட்டதால் பரணுக்கும், கை நின்றுவிடக் கூடாதே என்று சுவருக்கும் குப்புசாமி யுகாதி வெள்ளை அடித்தார். கீழே விரிப்பைப் போட்டுக்கொண்டுதான். சுண்ணாம்புத் துளி துணிக்கு நல்லது என்று சொன்னார். இதை வடிவு சொல்லவில்லை. குப்புசாமியே கண்டுபிடித்தது.

கௌரம்மா வெள்ளை வெளேரென்று நின்ற வீட்டை, பித்தளை வரிசையை, புளி ஜாடிகளை, ஏணி மேல் நின்ற யஜமானரை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு வடிவின் காதில், தன் வீட்டுக்காரருக்கும் அந்தக் கடையில் ஒரு வில்லன் கிடைக்குமா என்று விசாரித்தாள்.

யுகாதிக்குள் வில்லன் திருந்திவிட்டான். பழைய வேட்டி மாதிரி தொட்ட இடத்தில் குழைந்தான். நான்காக மடித்தால் பைக்குள் அடங்கினான். மீசை வெளுத்து, கண்ணில் கோபம் கரைந்து, தங்கப்பல் மங்கி, கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுக்கிற பெரியவர் மாதிரி ஆகிவிட்டான். குப்புசாமி கன்னத்தோடு வைத்துப் பார்த்தார். அறையவில்லை.

யுகாதிக்கு மறுநாள் கொள்ளேகால் பஸ். அங்கிருந்து ஹனூர் பஸ். தோப்பில் மாமரங்கள் காயும் நிழலுமாக நின்றன. தொட்டையன் இளநீர் வெட்டிவரப் போனார். குப்புசாமி வேலையை ஆரம்பித்தார். இரண்டு மரம் தேர்ந்தெடுத்தார். லேத்காரரின் முடிச்சு, யானை கட்டினாலும் அவிழாது. ஊஞ்சலுக்கு நேர் கீழே வில்லனை விரித்தார், சுருக்கம் இல்லாமல் நான்கு முனையும் நீவினார். செருப்பைக் கழற்றி விரிப்பில் வைத்தார். பிளாஸ்க்குக்குப் பதில் கூஜா. நான்கடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். காலண்டர் அப்படியே இறங்கி வந்து நின்றது. வெள்ளைக்காரன்தான் பாக்கி. தொழிற்சாலைத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஊஞ்சலைப் பிடித்தார்.

"ஏனுங்க."

பூ.

"இதுக்கு வெயிட்டு லிமிட்டு இருக்குதுன்னு சொன்னீங்களே."

"ஆமா, இருக்குது."

"நீங்க ஏறி அது பாட்டுக்கு அறுந்துபோச்சுன்னா, அப்பறம் லேத்து முன்னால எப்படி நிப்பீங்க? நான் முதல்ல ஏறிப் பாக்கறேன். என்னையே தாங்கிருச்சுன்னா உங்களைத் தாங்காதுங்களா?"

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்? தனக்காகக் கீழே விழத் தயாராக இருக்கிறாளே என்று குப்புசாமி உருகிப்போனார். அவரே வலையை அகலப் பிடித்துக்கொண்டார். வடிவு ஏறினாள். வலை இறங்கியது, மாங்கிளை முனகியது, முடிச்சு இறுகியது. தாங்கியது.

"தாங்குதா?"

"இன்னும் தெரியலீங்க."

நின்றார். மேலே ஒரு குயில் கூவி முடித்தது. இப்ப தாங்குதா என்று கேட்டார்.

"ஆடறப்ப தாங்குமான்னு பாக்கோணுமில்லீங்க. சித்த ஆட்டி உடுங்க."

ஆட்டிவிட்டார். கை வலிக்கிற வரைக்கும் ஆட்டிவிட்டு மறுபடி கேட்டார்.

"தூங்கறப்ப ஆளு கனம் கூடுமாமுங்க. அதையும் ஒண்ணு பாத்துச் சொல்லிட்டு எறங்கிக்கறேன்."

சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த தொப்பியை மெல்ல வாங்கித் தன் முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள். படம் முடிந்தது.

குப்புசாமி ஊஞ்சலுக்குப் பக்கத்தில், சோதனையின் முடிவுக்காகக் காத்து நின்றார். அப்போது தொட்டையன் இரண்டு கையிலும் இளநீரோடு வந்தார். அவருக்கு அடித்தொண்டைக் குரல், மாட்டு வண்டி சரளையில் இறங்குகிற மாதிரி. இளநீரைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து விரிப்பை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"புள்ள போன்ல சொன்னப்ப நான் நம்பலீங்க மாப்ளே. பட்டாட்டமில்ல இருக்குது."

குப்புசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பளியிலிருந்து ஆரம்பித்தார். புளிக்கு வந்தார். பித்தளைக்கு வந்தார். சுண்ணாம்பு தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதைத் தோப்புக்கு வெளியே போகிற பஸ்ஸுக்கும் கேட்கும்படி சொன்னார். தொட்டையன் பொறுமையாகக் கேட்டார். ஊஞ்சலைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார், விரிப்பின் மேலிருந்த செருப்பைப் பார்த்தார்.

"அதெல்லாஞ் செரிங்க மாப்ளே. ஒண்ணே ஒண்ணு. படுக்கறது மேல வலையில. கீழ செருப்பும் கூஜாவும் வெக்கறதுக்கு விரிப்பு எதுக்குங்க இத்தனை மெத்துனு?"

குப்புசாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதில் இருந்தது; இத்தனை ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. தேடினார். கம்பளிகள் ஒவ்வொன்றாகப் போயின. புளி போனது. தவலை பளபளவென்று உருண்டு போனது. கடைசியில், விரல் கணுவால் தட்டிய சத்தம் ஒன்று கேட்டது. டொக். இத்தனை விறைப்பா இருந்தா முதுகு என்னத்துக்கு ஆகுமுங்க.

எவர் முதுகு?

குப்புசாமி மெதுவாகத் திரும்பினார். ஊஞ்சலில் தொப்பி அசையவில்லை. தொப்பிக்குக் கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது, பூ வைக்கிற அதே குரல்.

"அது அவரு படுக்கறதுக்குண்ணா."

தொட்டையன் இளநீரை வாயில் வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தார். மாமரம் நனைந்தது.

குப்புசாமி குனிந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, சத்தமில்லாமல். செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார். கூஜாவை எடுத்து ஓரமாக வைத்தார். வில்லனின் மீசைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் இருந்தது.